தையற்கலமும் அதன் சிற்றுருவும்



மீஞ்சூரிலிருந்து கிழக்கே காட்டுப்பள்ளிச் சாலையில் செல்வோர், கொசத்தலையாற்றுக் கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்த பின்னரே கடலை அணுகுகின்றனர். வழியெங்கும் சரக்குப்பெட்டி சுமந்த லாரிகள். கரையில் அனல்மின் நிலையமும், கடல்நீரைக் குடிநீராக்க 2010-இல் எழுந்த ஆலையும், துறைமுகங்களும். 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகம் 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அதனை அடுத்தே காட்டுப்பள்ளித் துறைமுகம். மலையொத்த கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதை நாள்தோறும் காணும் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு, கப்பல் என்றால் கரையைத் தொடுவது என்பது இயல்பாகத் தோன்றும். இக்கரையின் நெடிய வரலாற்றில் அது மிக அண்மைக் காலத்துச் செய்தி.

மரக்கலத்தின் பலகையைப் பற்றிப் பாவலர் மன்றத்தில் பேசுவானேன் என்று எண்ணுவோர் இங்கு ஒருவரிருவர் இருக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பேச்சின் இடையிலே யாப்பும் வரும்.

ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் நிலம் பெற்றபோது அவர்களுக்குக் கிடைத்தது துறைமுகம் இல்லாத ஒரு மணற்கரை. கப்பல்கள் கரையிலிருந்து நெடுந்தொலைவு விலகி, திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகள் வரிசை வரிசையாக மடிந்து உடையும் பகுதி இருந்தது. 1861-இல் இரும்புத்தூண் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் அதுவரை கட்டியதைச் சிதைத்துச் சென்றது. ஆகவே, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆளுநரும் அடிமையும், துணிப்பொதியும் குதிரையும், மதுப்பீப்பாயும் விவிலியமும் ஒரே வழியாகத்தான் கரையேறின. அந்த வழி, ஆங்கிலேயர் மசூலா என்றும் பிரெஞ்சுக்காரர் செலிங்கு என்றும் எழுதிவைத்த படகு. மசூலா என்னும் பெயரின் வேர் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு; மசூலிப்பட்டினத்தைச் சுட்டுவாரும் உளர், மீனைக் குறிக்கும் சொல்லைச் சுட்டுவாரும் உளர். செலிங்கு என்பதில் அத்தகைய குழப்பம் இல்லை. அது சலங்கு என்னும் தமிழ்ச்சொல்லே. எனவே இவ்வுரையில் சலங்கு என்றே அது குறிக்கப்பெறும்.

சலங்கை ஓட்டியோர் இவ்வடகரையின் மக்கள். இராயபுரத்து இராயப்பர் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அப்படகோட்டிச் சமூகத்தாரின் முயற்சியால் எழுந்தது. அவ்வூரின் பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது. ஊர்ப்பெயரில் அவர்கள் இருக்கின்றனர். அவர்கள் ஓட்டிய படகு எங்கும் இல்லை.

சலங்கின் தோற்றத்தை அறியப் பழைய படங்களும் குறிப்புகளும் உள. 1669க்கும் 1679க்கும் இடையே வங்கக்கடலைச் சுற்றியிருந்த நாடுகளில் வாழ்ந்த தாமசு பௌரி என்னும் ஆங்கில வணிகர் தம் கையேட்டில் இதனையும் கட்டுமரத்தையும் வரைந்து வைத்தார். அந்நூல் 1905-இல்தான் அச்சேறியது. 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சலங்கின் நீளத்தை 30 முதல் 35 அடி வரை என்கின்றன. தட்டையான அடி, உயர்ந்த பக்கங்கள், இரு முனையும் கூர். மேல்தளம் இல்லை. குறுக்கே பாய்ந்த உத்திரங்களில் அமர்ந்து, நீண்ட கழியின் முனையில் வட்டப்பலகை கட்டிய துடுப்புகளால் வலித்தனர். பின்முனையில் நின்றவர் அலையின் வரவைக் கணித்துக் குரல் கொடுப்பார். உடன் கட்டுமரங்கள் செல்லும். படகு கவிழ்ந்தால் வீழ்ந்தவரை எடுப்பது அவற்றின் கடன்.

இவையெல்லாம் வெளித்தோற்றம். சலங்கின் உயிர் அதன் பலகை இணைப்பில் இருந்தது. அதில் ஓர் ஆணியும் இல்லை. விலாச்சட்டமும் இல்லை. மெல்லிய அகன்ற பலகைகளின் விளிம்புகளில் நெருக்கமாகத் துளையிட்டு, இரு பலகை சேரும் இடத்தில் உட்புறம் வைக்கோலையோ நாரையோ திரியாக வைத்து, அதன்மேல் தென்னை நார்க்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைத்திருந்தனர். திரி நீரில் ஊறிப் பருத்து இடுக்கை அடைக்கும். அலை படகைத் தூக்கி மணலில் அறையும்போது, ஆணியடித்த கலத்தில் ஆணி நெகிழும், பலகை பிளக்கும். தைத்த கலமோ வளையும். அறையின் வலிமை முழுவதும் ஒரே இடத்தில் தங்காமல் தையல் நெடுகப் பரவிக் கரைந்துவிடும். ஐரோப்பியரின் உறுதிமிக்க படகுகள் இவ்வலைவாயில் நொறுங்க, கசியும் இந்தத் தையற்படகு நூற்றாண்டுகள் நின்றது. கசிவு இருந்தது உண்மை. நீரை இறைத்துக்கொண்டேதான் சென்றனர்.

தையற்கலம் ஏன் தோன்றிற்று என்பதற்கு இடைக்காலத்தில் ஒரு கதை உலவியது. கடலுக்கடியில் காந்தமலை இருக்கிறதாம். ஆணியுள்ள கப்பல் சென்றால் ஆணிகளைப் பிடுங்கிக்கொள்ளுமாம். அரபிக்கடல் பக்கத்துத் தையற்கலங்களைக் கண்டவர்கள் கட்டிய கதை இது. கதை அழகியது. ஆயினும் அலைவாயில் ஒருமுறை அமர்ந்து பார்த்தவர்க்குக் காந்தமலை தேவைப்படாது.

இனிச் சிற்றுருவுக்கு வருவோம். மரத்தால் மாதிரிக் கப்பல் செய்வது உலகெங்கும் பலர் கைக்கொண்ட கலை. அதில் கடினமான பகுதி எது என்று கேட்டால், பாய்மரமும் கயிறுகளும் என்று பார்வையாளர் சொல்வர். செய்தவர், கூட்டுக்குப் பலகை போடுவதே என்பர். முறை இதுதான். முதலில் ஏரா எனப்படும் அடிமரம். அதன்மேல் குறுக்குவெட்டு வடிவங்களாக ஒட்டுப்பலகையில் அறுத்த சட்டங்கள், விலாவெலும்பு போல் வரிசையாக நிற்கும். பிறகு மெல்லிய மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக அச்சட்டங்களின்மேல் வளைத்து ஒட்டிக்கொண்டு வரவேண்டும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் கப்பலின் உடல் நடுவில் பருத்து முன்முனையில் ஒடுங்குவது. நடுச்சட்டத்தின் ஒருபக்கச் சுற்றளவு 12 சென்டிமீட்டர் என்றால், முன்முனையில் அது 7 சென்டிமீட்டராக இருக்கலாம். நடுவில் பத்துப் பட்டிகள் கிடக்கும் இடத்தில், முனையிலும் அதே பத்துப் பட்டிகள் அடங்க வேண்டும். எனவே ஒவ்வொரு பட்டியும் முனை நோக்கி ஒடுங்கும்படி இழைக்கப்பட வேண்டும். எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பதைச் சட்டத்துக்குச் சட்டம் அளந்து குறிக்க வேண்டும். புதிதாகச் செய்வோர் இதனைப் பொறுக்காமல் கடைப்பட்டியை அப்படியே வளைத்து ஒட்டுவர். முதலிரண்டு வரிசைகள் பணிந்து போகும். மூன்றாவது முனையில் மேலேறும். ஐந்தாவது, மரம் விரும்பாத திசையில் முறுகிக்கொண்டு எழுந்து நிற்கும். அடித்து ஒட்டினாலும் மறுநாள் காலையில் பிரிந்திருக்கும். பின்முனையில் இதற்கு மாறான இடர்: அங்கு இடம் மிகுந்து பட்டிகளுக்கிடையே வாய் திறக்கும், ஆப்புப் போன்ற துண்டுகளை இடையிற் செருக நேரும்.

பட்டியை வெந்நீரில் ஊறவைத்துச் சூடான இரும்பின்மேல் மெல்ல அழுத்தினால் வளையும். ஈரமும் வெப்பமும் சேர மரநார்களைப் பிணைத்திருக்கும் பொருள் இளகுவதே காரணம். உலர்ந்தபின் அவ்வளைவு நிற்கும். இடப்புறம் ஒரு பட்டி ஒட்டினால் அடுத்தது வலப்புறம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கமே முடித்துவிட்டு மறுபக்கம் வருபவரின் கப்பல் வாழைப்பழம் போல் கோணிப்போகும். சட்டங்களின் விளிம்புகளையும் உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்திருக்க வேண்டும். இல்லையேல் பட்டி சட்டத்தின் கூர்முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இவ்வளவும் செய்து முடித்தபின் வண்ணம் பூசிவிடுவர். பார்ப்பவர் கண்ணுக்குப் பாய் மட்டுமே தெரியும்.

இம்முறையில் வடிவத்தைத் தீர்மானிப்பது சட்டம். பலகை அதற்குப் போர்வை. சலங்கில் முறை தலைகீழ். அங்கே சட்டமே இல்லை. அடிப்பலகையோடு முதற் பக்கப்பலகை சேரும். அது சாய்ந்து நிற்கும் கோணமே அடுத்த பலகையின் இடத்தைச் சொல்லும். பலகையின் விளிம்பை எவ்வாறு அறுத்தனரோ அவ்வாறே படகு குவியும், விரியும். வடிவம் முழுவதும் விளிம்பில் இருக்கிறது. குறுக்கு உத்திரங்கள் பின்னர் வருபவை.

ஆகவேதான் சலங்கின் மாதிரி செய்ய முனைவோர் ஒரு முடிவெடுக்க வேண்டியுள்ளது. வழக்கமான முறையில் சட்டம் நிறுத்தி, பட்டி ஒட்டி, பக்கத்தில் பேனாவால் தையற்கோடு வரைந்துவிடலாம். பத்தடி தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அது சலங்கு அன்று. சலங்கின் உடையணிந்த வேறொரு படகு. சலங்கிடம் இல்லாத எலும்பை அதற்குள் வைத்து, அதனிடம் இருந்த ஒரே பிணைப்பை வெறும் வரைகோடாக்கிவிட்ட பொருளை அதன் நினைவுச்சின்னமாக வைப்பது, இல்லாதவரைப் பற்றிப் பொய்ச்சான்று சொல்வதாகும். உண்மைப் படகு கரையில் நின்ற காலத்தில் மாதிரியின் பிழை பெரிதன்று. எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். படகு மறைந்தபின் மாதிரியே சான்று.

தைத்துச் செய்வது என்றால் உழைப்பு எவ்வளவு? 30 அடிப் படகை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் 15 அங்குலம் வரும். ஓர் அங்குலக் கனப் பலகை ஒரு மில்லிமீட்டர் கனமாகும். மூன்றங்குலத்துக்கு ஒரு துளை என்று கொண்டால், மாதிரியில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்று. ஒரு விளிம்புக்கு 120 துளை, இணையும் இரு விளிம்புக்கும் 240. பக்கத்துக்கு ஐந்து பலகை எனின் அடிப்பலகையோடு சேரும் மூட்டையும் கூட்டி இருபுறமும் பத்து மூட்டுகள். ஆக 2400 துளைகள். ஊசிமுனையளவுத் துரப்பணத்தால் ஒவ்வொன்றாகக் கையால் இடவேண்டும். விளிம்புக்கு மிக அருகில் போனால் மரம் பிளந்துவிடும். விலகிப் போனால் தையல் பிடிக்காது. நார்க்கயிற்றை அந்த அளவுக்குச் சுருக்க இயலாது. மெழுகிட்ட பருத்திநூலே பயன்படும். திரிக்கு வைக்கோலின் மெல்லிய கீற்று போதும்.

அப்படித் தைக்கும்போது, படித்து அறிய முடியாத ஒன்றைக் கை அறிகிறது. முதலில் தளர்வாகவே தைத்துக்கொண்டு போகவேண்டும். பலகை ஓரளவு தன் இடத்தைத் தேடிக்கொண்ட பின்னரே நூலை இறுக்க வேண்டும். ஓரிடத்தில் முன்னதாக இறுக்கினால் எதிர்ப்பக்கத்தில் வாய் பிளக்கும். ஒரு தையலின் இறுக்கம் அதன் அண்டைத் தையல்களைப் பொறுத்தது.

யாப்பு வரும் என்று முன்னர்ச் சொன்னது இதற்காகவே. யாத்தல் என்றால் கட்டுதல். தமிழர் செய்யுளைக் கட்டுவதற்கு இட்ட பெயரும், கடலில் மரத்தைக் கட்டியதற்கு இட்ட பெயரும் பொருளால் ஒன்று: கட்டுமரம், யாப்பு. தளை, தொடை, கட்டு என்று இலக்கணத்தார் வழங்கிய சொற்கள் கைத்தொழிலுக்கும் பொதுவானவை. சட்டத்தை முதலில் நிறுத்திவிட்டுச் சொற்பட்டிகளை அதன்மேல் ஒட்டும் பாவலரும் உளர். அவரது வெண்பாவில் தளை தட்டாது, ஆனால் ஈற்றடியில் பட்டி மேலேறி நிற்கும். முதலடியின் சாய்விலிருந்து அடுத்த அடியைக் காண்பவர் வேறு. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுவது பலகைக்கும் நன்றன்று, பாவுக்கும் நன்றன்று.

மாதிரியின் மதிப்பை முன்னரே உணர்ந்த ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சுவா எட்மோன் பாரி உலகக் கடற்பயணங்களின்போது ஐரோப்பியர் அல்லாத மக்களின் மரக்கலங்களை அளந்து வரைந்தார். ஒரு விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். 1841 முதல் வெளிவந்த அவரது பெருநூலில் சோழமண்டலக் கரையின் தையற்படகும் இடம்பெற்றது. பின்னர் 1871-இல் பாரிசு நகரில் இலூவர் மாளிகையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று, தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளைச் செய்வித்தார். மறைந்துவிடும் என்று அவர் கருதியவை பலவும் மறைந்தே போயின. சென்னை மீன்வளத்துறைக்குத் தலைமை தாங்கிய சேம்சு ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி எழுதிய ஆய்வு, நூலகத்தில் தேடிப் படிக்கத்தக்கது. அவர் காலத்தில் சென்னையில் துறைமுகம் அமைந்துவிட்டது. தையற்படகு கரைவலை மீனவரின் கலமாகச் சுருங்கியிருந்தது. ஆந்திர, ஒரிசாக் கரைகளில் அவ்வினம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தைக்கப்பட்டு வந்தது.

அண்மையில் தையற்கலம் மீண்டும் செய்தியாயிற்று. அசந்தா ஓவியத்தில் காணும் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு கோவாவில் தைக்கப்பட்ட கௌண்டின்யா என்னும் பாய்க்கப்பல் 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பெற்றது. பாபு சங்கரன் என்னும் கைவினைஞரின் தலைமையில் கேரளத்துக் கைவினைஞர்கள் நார்க்கயிறும் தேங்காய் நாரும் இயற்கைப் பிசினும் கொண்டு பலகைகளைத் தைத்தனர். ஓவியம் ஒரு பக்கத் தோற்றத்தை மட்டுமே காட்டும். அதனடியில் உள்ள வடிவம் எவ்வாறு இருந்தது என்பதற்கு ஏடு ஏதுமில்லை. ஆதலின் சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையில் அக்கப்பலின் சிற்றுருவை நீரில் இட்டு ஆய்ந்தனர். மீஞ்சூரிலிருந்து ஒருநாளில் சென்று திரும்பும் தொலைவில் நடந்த வேலை அது. நீரில் எவ்வாறு மிதக்கும், எவ்வளவு சாயும் என்று அறியும் ஆய்வுக்கு வெளிவடிவம் செம்மையாக இருந்தால் போதும், தையல் வேண்டியதில்லை. தையலுக்குக் கேரளத்தில் கை இருந்தது. கௌண்டின்யா மீண்டெழுந்ததற்கு இவ்விரண்டும் காரணம் என்பதை மறத்தலாகாது.

அந்தக் கப்பல் நெடுங்கடல் ஓடுவதற்கு அமைந்தது. அலைவாயில் ஓடிய சலங்குக்கு அவ்வாறு ஒரு மீட்பு இன்னும் வரவில்லை. பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் காசிமேட்டிலும் மீனவர் கையில் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவை விரைந்து பெருகின. ஓர் அச்சுக்குள் இழையையும் பிசினையும் இட்டு வார்த்தெடுக்கும் அப்படகில் பலகை என்பதே இல்லை. மீனவருக்கு அது நல்லது. எடை குறைவு, கசிவு இல்லை, பொறி பூட்ட ஏற்றது. அவர்கள் மீண்டும் நார்க்கயிறு திரிக்க வேண்டும் என்று கரையில் அமர்ந்து பாட்டெழுதுவோர் சொல்வது முறையன்று. ஆனால் மூன்று தலைமுறைக்கு முன் இக்கரையினர் பலகையைத் தைத்துக் கடலேறினர் என்பதை மீஞ்சூர்ப் பள்ளியில் பயிலும் மீனவச் சிறுவன் கையால் தொட்டறிய ஒரு பொருள் இருத்தல் வேண்டும்.

அதற்குப் பதினைந்தங்குல மாதிரி ஒன்று போதும். அதனைச் செய்வோர் கருத்தில் கொள்ள வேண்டியன சில. வெளிப்புறத்தைக் காட்டும் வகையில் உயரத்தில் வைக்கலாகாது. திரியும் தையலும் உட்புறம் இருப்பதால் பார்வையாளர் மேலிருந்து குனிந்து நோக்கும்படி தாழ வைத்தல் வேண்டும். அருகில் ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் ஆளுருவம் நிறுத்தினால் படகின் பக்கங்கள் எவ்வளவு உயர்ந்தவை என்பது விளங்கும். இறுதி மூட்டில் ஒரு சாண் அளவைத் தைக்காமல் துளைகளோடு விட்டுவைத்து, பக்கத்தில் ஊசியும் நூலும் வைக்கலாம். வண்ணம் பூச வேண்டா. மாமரப் பலகை கிடைத்தால் நன்று. சலங்கின் தையலை அதன் சொந்தக்காரர் அவ்வப்போது பிரித்து, இற்ற கயிற்றை எறிந்து, அதே துளைகளில் புதிதாகத் தைத்தனர். மாதிரியின் பருத்திநூலும் சில பத்தாண்டுகளில் இற்றுவிடும். அப்போது அதனைப் பிரித்துத் தைக்கத் தெரிந்த இருவரையேனும், மாதிரி செய்யும் நாளிலேயே அருகில் அமர்த்திப் பழக்கிவிட வேண்டும்.